மக்காச்சோளத்துக்கு நடுவில் மொட்டை வேம்பு

1

முதலில் இது கதையே இல்லை. எங்கள் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘பயிரோடு மரமும் வளர்த்தால் வரும் நன்மைகள்’. குழுவில் நீளமாக எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உட்கார்ந்து எழுதினேன். மரத்தின் வேர் அடிமண்ணில் இருக்கிற சத்தை மேலே எடுத்து வரும், இலை உதிர்ந்து எருவாகும், காற்று வேகம் தணியும், ஈரம் சீக்கிரம் காயாது, பறவை வந்து உட்கார்ந்து புழுவைத் தின்னும், ஆட்டுக்குத் தழை கிடைக்கும், கடைசியில் மரத்துக்கும் ஒரு விலை கிடைக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் எழுதி முடித்துப் படித்தபோது உரக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ் மாதிரி இருந்தது. அதில் யாரும் யாருக்கும் பயப்படவில்லை. யாருக்கும் எதுவும் போய்விடும் என்றில்லை.

அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காகப் பெரம்பலூரிலிருந்து லப்பைக்குடிக்காடு பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம். ஒரு மக்காச்சோள வயலுக்கு நடுவில் வேப்பமரங்கள் நின்றன. அடிமரம் நல்ல பருமன். தலை மட்டும் இல்லை. முடியிறக்கிவிட்டு வந்து வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி எல்லாம் மொட்டையாக இருந்தன. பக்கத்து சீட்டுக்காரரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். வாரத்துக்குச் செய்கிற நிலம் என்றார். (விளைச்சலில் ஒரு பங்கை நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் பயிர் செய்வதுதான் வாரம்.) முதலாளி ஊருக்கு வருகிறார் என்றால் தலையை வெட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்பதற்குள் அவர் ஊர் வந்துவிட்டது, இறங்கிவிட்டார்.

என் கையில் இருப்பது அவ்வளவுதான். மீதி எல்லாம் நானே வைத்தது. அந்த வயல்காரம்மாவுக்கு மலர்கொடி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

“வெள்ளாற்றங்கரையில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி” என்று ஒன்று. அதை அதோடு நிறுத்திவிட்டேன். வெள்ளாற்றங்கரையில் வெயில் கையை நீட்டாது, அறையும்.

“மலர்கொடி ஓர் ஏழை விவசாயி” என்று இன்னொன்று. இதுவும் சரியில்லை. அவள் புருஷன் அரியமுத்து அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். வாரக் கடைசியில் வருவான். மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். வீடு கான்கிரீட் வீடு. ஆடுகள் இருக்கின்றன. அவளைப் பெற்றவர்கள் இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்குக் களை பறித்தவர்கள். இன்றைக்கு அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, சொந்த நிலம். அதை ஏழை என்ற ஒரே சொல்லில் போட்டு மூடினால் கதை கெட்டுவிடும்.

மூன்றாவது: “மலர்கொடி மரத்தின் மேல் இருந்தாள். கீழே நைனா முகமது வண்டியை நிறுத்தினார்.”

இது நன்றாக இருக்கிறது. ஆனால் இவர்கள் யார், மரத்தின் மேல் இருப்பதில் என்ன தப்பு என்று தெரியாமல் நீங்கள் முழிப்பீர்கள். அதனால் மலர்கொடியைக் கொஞ்ச நேரம் மரத்தின் மேலேயே விட்டுவிட்டு முன்கதைக்கு வருகிறேன். அவளுக்கு ஏறி இறங்கிப் பழக்கம்தான்.

3

நிலம் நைனா முகமதுவுடையது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். குவைத்தில் ஒரு பெரிய கடையில் ஸ்டோர் பார்த்தவர். தலையில் முடி இருக்கும்போது போய், இல்லாதபோது திரும்பியவர். நிலத்தை மலர்கொடியிடம் வாரத்துக்கு விட்ட அன்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மரம் வைக்கக் கூடாது, கொட்டகை போடக் கூடாது.

அவர் கெட்டவர் என்பதால் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற எல்லா நிலத்துக்காரருக்கும் உள்ள பயம்தான். சோளம் நாலு மாதத்தில் அறுத்துப் போகிற பொருள், மரம் அப்படி இல்லை. வாரத்துக்குச் செய்கிறவர் மரம் வைத்து வளர்த்துவிட்டால், நாளைக்கு ஒரு வம்பு என்று வரும்போது ‘நான் வெச்ச மரம், இத்தனை வருசமா இங்கதான் இருக்கேன்’ என்று அந்த மரமே சாட்சிக்கு வந்து நிற்கும். பள்ளிவாசல் வராந்தாவில் பெரியவர்கள் அவருக்குச் சொல்லி அனுப்பிய புத்தி இது. விமானத்தில் ஏறும்போது பாஸ்போர்ட்டோடு இதையும் கொண்டுபோனார்.

மலர்கொடி சரி என்றாள். அவள் வேப்பமரம் வைக்கவும் இல்லை. காக்காய் பழம் தின்றுவிட்டு வயல் முழுக்கப் போட்ட கொட்டையில் தானாக முளைத்தது. களை பறிக்கும்போது பிடுங்கியிருக்க வேண்டும். முதல் வருஷம் அது ஆடி மாதம். ஆடியில் வேப்பங்கன்றைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை, மாரியம்மன் மாதம் என்பதால். ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். ஆவணியில் கன்று இரண்டு கிளை விட்டிருந்தது. அதற்கப்புறம் அது களை இல்லை.

இங்கே அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தர எனக்கு ஆசை. ஆனால் வேம்பு தானாக வந்தது, சரி. வரப்போரம் அகத்தி விதையை ஊன்றியது அவளேதான். ஆட்டுக்காக, மனதாரச் செய்தாள். அதை மறைத்து எழுதினால் இந்தக் கதையில் மறைக்கிறவர்கள் எண்ணிக்கை ஒன்று கூடும். ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

4

நைனா முகமது எப்போது லீவில் வருவார் என்று தெரியாது. ஒரு தடவை நோன்புக்கு வருவார், ஒரு தடவை யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வருவார். அதனால் மரத்துக்குத் தலை கூடினாலே மலர்கொடி அரிவாளை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவாள். தூரத்திலிருந்து பார்த்தால் புதர் என்று நினைக்க வேண்டும், அதுதான் அவள் கணக்கு.

அரியமுத்து கேலி செய்வான். “மாசா மாசம் மரத்துக்கு முடி வெட்டுறியேடி. நீ வெவசாயத்துக்கு வந்திருக்கவே கூடாது. டவுன்ல சலூன் வெச்சிருக்கணும்.”

“மொதல்ல ஒனக்கு வெட்டுறேன் வா” என்பாள் அவள்.

அவள் ஒளித்துவைக்கத்தான் வெட்டினாள். ஆனால் நடந்தது வேறு. தலை இல்லாததால் வெயில் நேராகச் சோளத்தில் விழுந்தது. வெட்டிய தழையில் பாதியை ஆடு தின்றது. மீதியை வீட்டுக்குத் தூக்க முடியாமல் வரிசைக்கு நடுவில் பரப்பிவிட்டாள். அது மக்கி மண்ணோடு சேர்ந்தது. எங்கள் பக்கத்துக் கரிசல் மழை நின்றதும் வெடிக்கிற மண். அவள் வயலில் தழை கிடந்த இடம் அவ்வளவாக வெடிக்கவில்லை. மேலே மொட்டையாக நின்ற கொம்புகளில் கரிச்சான் குருவிகள் வந்து உட்கார்ந்தன. ரெட்டை வாலை ஆட்டிக்கொண்டு வயலையே பார்த்துக்கொண்டிருக்கும், சட்டென்று இறங்கும், புழுவோடு மேலே போகும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கட்டுரையில் நான் வரிசையாக அடுக்கிய நன்மைகளில் முக்கால்வாசி இந்த ஒரு பத்தியில் வந்துவிட்டது. இவை நன்மை என்று மலர்கொடிக்கு அப்போது தெரியாது. மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது மட்டும்தான் தெரியும்.)

படைப்புழு வந்த வருஷம் ஊரே அழுதது. சோளக் குருத்துக்குள் புகுந்து தின்கிற புழு. பக்கத்து வயல் அறிவழகன் மருந்து மேல் மருந்து அடித்தும் குருத்து சல்லடையாகப் போனது. மலர்கொடி வயலிலும் புழு வந்தது. ஆனால் பக்கத்து வயல் அளவுக்கு இல்லை. அவன் வரப்பில் நின்று என்ன மருந்து அடித்தாய் என்று கேட்டான். மரம்தான் காரணம் என்று சொன்னால் செய்தி லப்பைக்குடிக்காடு போய், அங்கிருந்து அன்றைக்கே குவைத் போய்விடும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினேன் என்று சொல்லிவிட்டாள்.

மறு வருஷம் அறிவழகனும் கூழ் ஊற்றினான். பெரிய அண்டாவில். ஊரே குடித்தது, மலர்கொடியும் வரிசையில் நின்று ஒரு செம்பு வாங்கிக் குடித்தாள். நல்ல கூழ் என்றாளாம்.

5

ஒரு ஆளை இதுவரை சொல்லவில்லை. நைனா முகமதுவின் மனைவி ரஷீதா. வாரா வாரம் மலர்கொடி அவர்கள் வீட்டுக்கு அகத்திக் கீரை கொண்டுபோவாள், சில நாள் முருங்கையும். ரஷீதா அதில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைப்பாள். கீரை கடையில் வாங்கியது இல்லை என்று பார்த்தாலே தெரியும், காம்பில் அரிவாள் வெட்டு ஈரமாக இருக்கும். எங்கே விளைகிறது என்று ரஷீதா ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு நாள் மலர்கொடிதான் தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ரஷீதா கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு, மரத்தில் குருவி தின்றாலும் ஆடு தின்றாலும் வளர்த்தவருக்கு நன்மை எழுதப்படும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் தன் பயான் பேச்சில் சொல்வார் என்றாள்.

“எங்க வூட்டுக்காரர் நெலத்துல நன்மை சேருது. அத நான் ஏன் கெடுக்கணும்? நீ பாட்டுக்கு இரு மலரு. அவரு வயலுப் பக்கம் கெளம்புனா ஒனக்கு ஒரு போன் போடுறேன்.”

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. நிலத்துக்காரரின் மனைவி இப்படிச் செய்வாளா? நம்புவீர்களா? அவளைக் கொஞ்சம் கண்டிப்பானவளாக மாற்றி எழுதிப் பார்த்தேன். “ரஷீதா முகத்தைத் திருப்பிக்கொண்டு, இனிமேல் கீரையே” என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் ஓடவில்லை. கீரை நின்றுபோய்விடும் என்று அவள் என்னையே முறைக்கிற மாதிரி இருந்தது. பழையபடியே விட்டுவிட்டேன். ஆண்கள் ஊரில் இல்லாத வருஷங்களில் கீரையும் பேச்சுமாக இரண்டு பெண்களுக்குள் வளர்ந்த பழக்கம் அது. எனக்கு அது நடக்காத காரியமாகத் தெரியவில்லை.

6

இப்போது மரத்துக்கு வரலாம்.

நைனா முகமது ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார். ஐப்பசி. முதல் மழை பெய்து விட்டிருந்தது, சோளம் முழங்கால் உயரம். ரஷீதாவிடமிருந்து போன் வந்தது: “வண்டிய எடுத்துட்டாரு மலரு. அங்கதான் வர்றாரு போல.” மலர்கொடி போட்டது போட்டபடி அரிவாளோடு ஓடினாள். வண்டிப்பாதையோரத்து வேம்புக்குத்தான் தலை அதிகமாக இருந்தது. ஏறினாள். ரெண்டு கிளை வெட்டுவதற்குள் டிவிஎஸ் சத்தம் கேட்டது.

மலர்கொடி மரத்தின் மேல் இருந்தாள். கீழே நைனா முகமது வண்டியை நிறுத்தினார்.

“மேல என்னம்மா வேல?”

“ஆட்டுக்குத் தழைங்க பாய்.”

அவர் வயலைச் சுற்றிப் பார்த்தார். “ஆடு எங்க?”

அவசரத்தில் ஆட்டை வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். “வூட்டுல கெடக்குதுங்க.”

“சரி, எறங்கி வா. விழுந்து தொலச்சின்னா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.”

இறங்கினாள். முழங்கால் சிராய்த்து எரிந்தது. அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மரத்தின் அடியைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். வெட்டிய தழும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் காய்த்துப் போயிருந்தன. ஒரு வருஷத்து வேலை இல்லை என்று யாருக்கும் தெரியும்.

“வாரா வாரம் என் வூட்டுல அகத்திக் கீர வேவுது” என்றார். “லீவுல வர்றப்பல்லாம் திங்கிறேன். எங்கேருந்து வருதுன்னு நான் கேட்டதே இல்ல.”

“ஏங்க பாய் கேக்கல?”

“கேட்டா சொல்லிருவா. தெரிஞ்சுட்டா, வெட்டச் சொல்லணும்.”

மலர்கொடிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். ரெண்டும் வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கை காய்க்க வெட்டியது இந்த மனுஷர் கண்ணில் படக் கூடாது என்று. அவரானால் கண்ணை மூடிக்கொண்டு கீரை சாப்பிட்டிருக்கிறார். ஆனால் கோபத்தைக் காட்டுகிற நிலையில் அவள் இல்லை. மரத்தை விடு, வாரமே போய்விடலாம். இந்த நிலம் போனால் திரும்பவும் அடுத்தவர் வயலில் களை பறிக்கத்தான் போக வேண்டும்.

“வெட்டிடவாங்க?” என்று கேட்டாள்.

அவர் அறிவழகன் வயலையும் இந்த வயலையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கே பயிர் ஏன் வெளுத்துக் கிடக்கிறது என்று கேட்டார். அது வேறு விதை என்று அவள் சொன்னாள், பொய் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கே வெட்கமாகி, ஒரே விதைதான், ஒரே கடையில் வாங்கியதுதான் என்று திருத்தினாள். பிறகு தழையைப் பற்றிச் சொன்னாள், கரிச்சானைப் பற்றிச் சொன்னாள். அறிவழகனின் கூழைப் பற்றியும் சொன்னாள். அதற்கு அவர் சிரித்தார். வரப்பில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

“இப்பப் பாத்துட்டேன் மலரு. பாத்தத பாக்கலைன்னு சொல்ல எனக்கு வராது. நெலம் இப்ப மவன் பிலால் பேர்ல இருக்கு. ஆடிக்கு முன்னாடி ஷார்ஜாலேருந்து வர்றான். நாமக்கல் பக்கத்து ஆளு ஒருத்தர் கோழித் தீவனத்துக்குச் சோளம் போட மொத்தமா குத்தகைக்குக் கேட்டிருக்காரு. பெரிய மிசினு ஓட்டணும், நடுவுல மரம் ஆகாதாம். அவனுக்கு அது சரின்னு படுது. நீ அவன்கிட்ட பேசு. எனக்கு எம் புள்ளகிட்ட பேசத் தெரியாது.”

வண்டியை எடுக்கும்போது ஒன்று சொன்னார். “பயிருக்கு வேணும்னா வெட்டிக்க. எனக்காக வெட்டாத.”

7

அந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. அறுவடைக்குப் பிறகு மலர்கொடி ஒரு கிளையையும் தொடவில்லை. வேம்பு எல்லாம் முதல் முறையாகத் தங்கள் இஷ்டத்துக்குத் தலை வளர்த்தன. பங்குனியில் தளிர்த்து, சித்திரையில் பூத்து, ஆனியில் பழுத்து நின்றன. இவ்வளவு பெரிய மரங்களையா நான் ஒளித்துவைத்திருந்தேன் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிலாலிடம் பேசுவதற்கு அவளுக்கு நான் ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன். இங்கேதான் என் கட்டுரையை நுழைத்துவிடலாம் என்று ஒரு ஆசை. இப்படி ஆரம்பித்தது:

“தம்பி, மரமும் பயிரும் ஒன்றையொன்று வாழவைப்பவை. முதலாவதாக, மண்வளம் பெருகுகிறது. இரண்டாவதாக,”

மலர்கொடி நிறுத்தச் சொன்னாள். ஆமாம், நான் உண்டாக்கியவள்தான். ஆனாலும் ரொம்ப நாள் கூடவே இருந்தால் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

“அண்ணே, இத நான் சொன்னா அந்தத் தம்பி போன எடுத்து வீடியோ புடிக்கும். எலெக்சன்ல நிக்கப் போறேன்னு நெனச்சுக்கும்.”

பேச்சு வழக்கில் மாற்றி எழுதினேன். அதையும் கேட்டாள். எல்லாம் நல்லதாகவே இருக்கிறதே என்றாள்.

“நல்லதுதானே சொல்லணும்?”

“மரத்தடி வரிசையில கதிரு சின்னதாத்தான் இருக்கும்ணே. தண்ணி தட்டுனா மொதல்ல அந்த வரிசைதான் வாடும். மிசினு திரும்பாது, அதுவும் நெசம். அத எழுதுனீங்களா?”

எழுதவில்லை. அதையெல்லாம் சொன்னால் நமக்குத்தானே பாதகம் என்றேன்.

“மறச்சு மறச்சு எனக்குப் போதும்ணே. இனி மறைக்கிறதா இருந்தா நான் மறுபடி மரத்துமேலதான் ஏறணும்.”

அதனால் பேச்சைக் கிழித்துவிட்டேன். குழுவில் கேட்ட கட்டுரையும் அதோடு போனது. அட்மின் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு இதையே அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

8

முடிவுகள்.

(அ) பிலால் வருகிறான். யார் பேச்சையும் கேட்கவில்லை. ஜேசிபி வருகிறது. மலர்கொடி வரப்பில் நிற்கிறாள், வேம்பு ஒவ்வொன்றாகச் சாய்கிறது, கரிச்சான்கள் வானத்தில் வட்டமடிக்கின்றன. இதை எழுத எனக்குக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது. கையே எழுதிக்கொண்டு போனது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கரிச்சான் அப்படியெல்லாம் வட்டமடிக்காது. பக்கத்துக் கரண்டு கம்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

(ஆ) பிலால் கண் கலங்கி, இந்த நிலம் உங்களுக்கே அக்கா என்று எழுதிக் கொடுத்துவிடுகிறான். என் வீட்டுக்காரி இதைப் படித்துவிட்டு, “எந்த ஊர்ல?” என்று மட்டும் கேட்டாள். அந்த முடிவை அழித்துவிட்டேன்.

(இ) சோளம் பழைய வாரப்படி. மரம் ஆளுக்குப் பாதி. மரம் பாதி பாதி, நிலம் அவர்களுடையதுதான் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசிக்கொண்டால் நைனா முகமதுவின் பயமும் தீரும், மலர்கொடி இன்னும் கன்று வைக்கவும் தைரியம் வரும். மிஷின் திரும்புவதற்கு வயலின் ரெண்டு முனையிலும் உள்ள மரங்களை மட்டும் எடுத்துவிடலாம். எனக்குப் பிடித்த முடிவு இதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். சிக்கல் என்னவென்றால், இதை யாராவது முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும். மலர்கொடி சொன்னால், பாதி நிலத்தையே கேட்கிறாள் என்று ஆகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். நைனா முகமது சொன்னால் மகன் பேரில் இருக்கிற சொத்தில் கை வைத்த மாதிரி. பிலாலுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. நான் போய்ச் சொல்லவும் முடியாது, கதைக்கு வெளியே நிற்கிறேன்.

அதனால் முடிவு இல்லாமல் அந்த நாளை மட்டும் எழுதுகிறேன்.

9

ஆனி கடைசி. உச்சி நேரம். பிலால் காரை ரோட்டில் விட்டுவிட்டு வயலுக்குள் நடந்து வந்தான். வெள்ளைச் சட்டை, ஷூ, கையில் போன். நைனா முகமதுவும் வந்தார். ஆனால் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் அன்றைக்கு வலிக்கவில்லை. நான்தானே எழுதுகிறேன், எனக்குத் தெரியும்.

உழுது போட்ட கரிசல் காய்ந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. அறிவழகன் வயலில் வெடிப்புக்குள் கை போகும். பிலால் வரப்பில் நின்றான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வயலின் நீளத்தைப் பார்த்தான், மரங்களை எண்ணுகிற மாதிரி தலையை ஆட்டினான். சின்ன வயதில் வந்த வயல்தான். ஆனால் அப்போது மரம் இல்லை, எங்கே நின்றோம் என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

மலர்கொடி எதிரே நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகியிருந்தாள். அரியமுத்து கூட வருகிறேன் என்று சொன்னான், வேண்டாம் என்றுவிட்டாள். ரெண்டு பேராக நின்றால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும் என்று. என்ன சொல்வது என்று அவள் தீர்மானித்து வைத்திருந்தாள். முதலில் அந்தச் சின்னக் கதிர் வரிசை, அதற்குப் பிறகுதான் மற்றது.

“அக்கா, எங்க அத்தா எல்லாத்தையும் சொன்னாரு” என்றான் பிலால். “உங்கமேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா நான் நேராவே பேசிர்றேன்.”

அவன் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. முழங்கையால் துடைத்தான். ஷார்ஜாவில் இதைவிட வெயில் உண்டு, ஆனால் அங்கே அவன் ஏசி ஆபீஸில் இருக்கிறவன். போனை நெற்றிக்கு மேலே குடை மாதிரி பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் மலர்கொடி தீர்மானித்து வைத்திருந்ததெல்லாம் பின்னால் போய்விட்டது.

“பேசலாம் தம்பி. வெயில்ல நின்னு எதுக்குப் பேசணும்? இப்பிடி வாங்க.”

அவன் தயங்கினான். மரத்தடிக்குப் போனாலே பாதி ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று யோசித்திருப்பான், படித்த பிள்ளை. இருந்தாலும் வெயில் வெயில்தான். கட்டி மேல் ஷூவை வைத்துத் தடுமாறித் தடுமாறி வந்தான். நிழலுக்குள் கால் வைத்ததும் அவன் தோள் கொஞ்சம் இறங்கியதை மலர்கொடி பார்த்தாள். கீழே மஞ்சள் மஞ்சளாக வேப்பம்பழம் சிந்திக் கிடந்தது. ஒரு ஆடு அதைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தது. அவள் காலால் பழங்களை ஒதுக்கி இடம் செய்தாள். அவன் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தான். அவளும் கொஞ்சம் தள்ளி மண்ணில் உட்கார்ந்தாள்.

காற்று வந்தது.

பிறகு அவள் அந்தச் சின்னக் கதிர் வரிசையைச் சொன்னாள். தண்ணீர் தட்டினால் வாடுவதைச் சொன்னாள். மிஷின் திரும்பாது என்பதையும் அவளே சொன்னாள். அவன் நிமிர்ந்து பார்த்தான், எதிர்த்துப் பேச அவன் கொண்டுவந்த பாதியை அவளே பேசி முடித்துவிட்டாள். அப்புறம் தழை, ஈரம், குருவி என்று மீதியைச் சொன்னாள். நான் கட்டுரையில் எழுதியதில் பாதிகூட வரவில்லை, ஆனால் போதும் போலிருந்தது. அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். அண்ணாந்து கிளைகளைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தான்.

“நீங்க என்னக்கா எதிர்பாக்குறீங்க?” என்று கேட்டான்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் (இ)யைச் சொன்னாளா, பயத்தில் விழுங்கிவிட்டாளா, சொன்னால் அவன் என்ன பதில் சொன்னான் என்பதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கு நிலமும் இல்லை, வாரமும் இல்லை. உங்களில் சிலருக்கு நிலம் இருக்கும், அதை யாராவது வாரத்துக்குச் செய்துகொண்டிருப்பார்கள். சிலர் மலர்கொடி மாதிரி அடுத்தவர் நிலத்தில் பயப்பட்டுக்கொண்டே எதையாவது வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். இதற்கு மேல் நீங்கள்தான்.

அவள் அந்தப் பாதி மரத்தைக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிலாலின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடமே சொல்லுங்கள். எழுந்து வெயிலுக்குப் போய் நின்றுகொண்டு மட்டும் சொல்லாதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள்.